வாசல் மணக்க நாலு கிழங்கு போதும்!

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "என்ன ஊதுபத்தி ஏத்தியிருக்கீங்க?" என்பதுதான். ஊதுபத்தியும் இல்லை, சென்ட்டும் இல்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பாத்தி. திண்ணை ஓரம் ஏழெட்டுத் தொட்டிகள். அவ்வளவுதான் என் தோட்டம். அதில் இருப்பவை எல்லாமே கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கிற செடிகள்.

நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்று, கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவள். ஆசை ஆசையாக ரோஜா வைத்தேன். சித்திரை வெயிலில் கருகிப் போயிற்று. குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்து பத்து நாள் பிறந்த வீடு போய் வந்தால், தொட்டியில் இருந்ததெல்லாம் சருகு! "உனக்குக் கை ராசி இல்லை"ன்னு வீட்டில் கேலி வேறு. அப்புறம்தான் அம்மா சொன்ன யோசனை கை கொடுத்தது. "கிழங்குச் செடி வையி. அது தன் சாப்பாட்டைத் தானே வயித்துல கட்டி வச்சுக்கும். நீ பத்து நாள் மறந்தாலும் அது உன்னை மறக்காது" என்றாள்.

எவ்வளவு உண்மை! வெங்காயம் போல இருக்கிற அந்தக் கிழங்கு, செடியின் களஞ்சியம். மழை இல்லாத காலத்தில் இலையைக் காய விட்டுவிட்டு, அது மண்ணுக்குள் சும்மா தூங்கும். ஈரம் பட்டதும் விழித்துக் கொள்ளும். நம் வெப்ப பூமிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி உண்டா, சொல்லுங்கள்!

ஆனால் சகோதரிகளே, இந்தக் கிழங்குகளால் என் வீட்டில் ஒரு பெரிய ஆபத்தும் வந்து, கடவுள் புண்ணியத்தில் விலகியது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. முதலில் வளர்ப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா கொடுத்த மஞ்சள் பை

என் பிறந்த வீடு நிலக்கோட்டைப் பக்கம். பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். விடியற்காலை நாலு மணிக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்பங்கி பறிக்கப் போவார்கள். எங்கள் வீட்டிலும் கால் காணியில் சம்பங்கி இருந்தது. ஒருமுறை நான் ஊருக்குக் கிளம்பும்போது, அம்மா ஒரு மஞ்சள் பையில் நாற்பது சம்பங்கிக் கிழங்கும், கிணற்றடியில் இருந்து பெயர்த்த மூன்று விஷமூங்கில் கிழங்கும் போட்டுக் கொடுத்தாள். அதுதான் அவள் கையால் எனக்குக் கொடுத்த கடைசிச் சீர். அடுத்த தை மாதம் அவள் இல்லை.

அதனால்தான் இந்தச் செடிகள் என்றால் எனக்கு உயிர்.

சம்பங்கி: மலிவில் ராணி

நான் சொல்வது நிலச்சம்பங்கி. செண்பக மரம் வேறு, இது வேறு. வடக்கே ரஜனிகந்தா என்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் சுகந்தராஜா. நம் கல்யாண மாலைகளில் பாதி இதுதான் என்றாலும், பூர்வீகம் மெக்ஸிகோ தேசம். தாவரவியல்காரர்கள் வெகு காலம் 'பாலியாந்தஸ் ட்யூபரோசா' என்று அழைத்தார்கள். இப்போது ஆனைக்கற்றாழை இனத்திலேயே சேர்த்து 'அகேவ் அமிகா' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எந்தப் பெயரில் அழைத்தால் என்ன, ராத்திரி ஏற ஏற வாசனை ஏறுவது மாறவில்லை!

இதில் ஒற்றை, அடுக்கு என்று இரண்டு வகை. ஒற்றைப் பூவுக்குத்தான் வாசனை அதிகம், தொடுக்கவும் வசதி. அடுக்குப் பூ பார்க்க எடுப்பாக இருக்கும். ஜாடியில் வைக்க ஏற்றது. மணம் சற்றுக் குறைவு. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் 'பிரஜ்வல்', 'சிருங்கார்' என்ற ஒற்றை ரகங்களையும், 'சுவாசினி', 'வைபவ்' என்ற அடுக்கு ரகங்களையும் வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல நர்சரியில் கேட்டால் கிடைக்கும். பிரஜ்வலின் மொட்டு லேசான ரோஜா நிறம், விரிந்தால் வெள்ளை.

நடுவதற்கு ஆனி, ஆடி நல்ல காலம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பூவுக்கும் பொருந்தும். எலுமிச்சம்பழத்தில் பாதியாவது பருமன் இருக்கிற, கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்கிற கிழங்காகப் பொறுக்குங்கள். 25, 30 கிராம் எடை இருந்தால் உத்தமம். குட்டியூண்டு கிழங்கு முதல் வருஷம் இலையை மட்டும் காட்டி ஏமாற்றும். முக்கியமான விஷயம்: தோண்டிய அன்றே நடக்கூடாது. ஒரு மாதம் நிழலில், காற்றாட வைத்திருந்து பிறகு நட வேண்டும். இந்த ஓய்வு கொடுத்தால்தான் ஒழுங்காக முளைத்துப் பூக்கும்.

பத்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் நாலு கிழங்கு வைக்கலாம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணி எரு. அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கிழங்கின் நுனி மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தால் போதும். ஆழமாகப் புதைக்க வேண்டாம். தரையில் வைப்பதானால் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, கிழங்குக்குக் கிழங்கு முக்கால் அடி விட்டால் தாராளம்.

நட்டதும் ஒரு தண்ணீர். பிறகு முளை தெரிகிற வரை மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்வது! 'முளைக்கலையே, முளைக்கலையே' என்று தினம் ஊற்றி அழுக விட்டுவிடுவோம். முளைத்து நாலு இலை விட்ட பிறகு வாரம் இரண்டு முறை. ஐந்தாறு மணி நேரமாவது நல்ல வெயில் படவேண்டும். மூன்று, நாலு மாதத்தில் தண்டு வரும். ஆடியில் வைத்தால் ஐப்பசியில், தீபாவளி சமயத்தில் மணக்கும்.

தண்டில் அடிப்பூ முதலில் விரியும். அப்புறம் மேலே மேலே ஏறிக்கொண்டு போகும். தொடுப்பதற்கு விடியற்காலையில் பறியுங்கள். ஜாடிக்கு என்றால், அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் தண்டோடு வெட்டி உடனே தண்ணீரில் வைத்துவிடுங்கள். ஜாடித் தண்ணீரைத் தினம் மாற்றி, தண்டின் நுனியைக் கொஞ்சம் சாய்வாக நறுக்கி வைத்தால் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து பல நாள் வரும்.

இன்னொரு ரகசியம். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் இடுப்பில் குட்டி குட்டியாகக் கட்டுமே, அவைதான் அடுத்த பூவுக்கு. தாய் தன் சத்தைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்து போகும். அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குத்தைத் தோண்டிப் பிரித்து வைக்க வேண்டும். அப்படியே விட்டால் ஒன்றுக்கொன்று நெருக்கிக்கொண்டு, இலை மண்டும், பூ குறையும்.

வேரில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வந்தாலும் செடி சோம்பும். பாத்தி ஓரத்தில் துலுக்க சாமந்தி வைத்திருக்கிறேன். அதன் வேருக்கு இந்தப் புழுவை அடக்குகிற குணம் உண்டு. பார்க்கவும் அழகு.

விஷமூங்கில்: பேரிலேயே எச்சரிக்கை

நர்சரியில் 'லில்லி' என்று செல்லமாகச் சொல்லி விற்கிறார்களே, குட்டி வாழை போல அகலமான பட்டை பட்டையான இலையோடு, அதுதான். ஒரே தண்டின் உச்சியில் இருபது, முப்பது வெள்ளைப் பூக்கள், சிலந்திக் கால் போல மெல்லிய இதழ்களோடு குடை விரித்தாற்போல் இருக்கும். சாயங்காலம் விரிந்து, ராத்திரி மணக்கும். ஒரு தண்டு முடிவதற்குள் அடுத்த தண்டு எட்டிப் பார்க்கும்.

இதற்குப் பெரிய தொட்டி, ஒன்றரை அடி அகலமாவது வேண்டும். தரையில் மூன்றடி இடம் விடுங்கள். சம்பங்கி போல் முழுக்க மூடாமல், கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். வெயிலும் தாங்கும், பாதி நிழலும் தாங்கும். குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் வைத்தாலும் கோபித்துக் கொள்ளாது. ஆனால் இடம் மாற்றினால் மட்டும் ரோஷம் வந்துவிடும். ஒரு வருஷம் பூக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பொறுத்துக் கொள்ளுங்கள். பக்கக் கன்றைப் பிரித்து வைத்தால் பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாய்ப் புள்ளி வைத்த கம்பளிப்பூச்சி போன்ற புழு ஒன்று வரும். இரண்டே நாளில் இலையை மொட்டையாக்கிக் கிழங்குக்குள் இறங்கிவிடும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளித்தாலும் கட்டுப்படும்.

இந்தக் கிழங்கில் 'லைகோரின்' என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் குமட்டல், வாந்தி, பேதி. வேக வைத்தாலும் அது போய்விடுவதில்லை. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

அந்தத் திங்கட்கிழமை

வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்த வாரம். வைகாசி மாதம். அம்மா கொடுத்த செடிகளை விட்டுவிட்டு வர மனசு கேட்குமா? எல்லாவற்றையும் தோண்டி, இலையையும் நீளக் கழுத்தையும் நறுக்கி, மண்ணை உதறிக் கொண்டு வந்தேன். புது வீட்டில் சாமான் இறக்கிய அவசரம். மழை தூறியதால் வெளியில் வைக்க முடியவில்லை. சமையலறை மூலையில் செய்தித்தாளை விரித்து, கிழங்குகளைக் காயப் போட்டேன். பக்கத்திலேயே வெங்காயக் கூடை. 'நாளைக்கு மாத்திக்கலாம்' என்று நினைத்தேன். அந்த நாளை வரவில்லை. யாரோ வீடு பெருக்கும்போது, கீழே உருண்டு கிடந்த இரண்டு விஷமூங்கில் கன்றைத் தூக்கி வெங்காயக் கூடையில் போட்டிருக்கிறார்கள். பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை வெள்ளையாக அடுக்கு. யார் கண்டது?

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எழுபது வயசு தாண்டிவிட்டது. "சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்மா" என்று தினமும் காய் நறுக்கித் தருவார். அன்றைக்கும் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கினார். நறுக்கும்போதே, "என்ன வெங்காயம் வாங்கினே? கண்ணைக் கரிக்கவே இல்லையே. கொழகொழன்னு இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. 'புது ரகம் போலிருக்கு அத்தை' என்று நான் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்திருந்தால்!

சின்னவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் ஏதோ விளையாட்டுப் பயிற்சி என்று அவசர அவசரமாக ஒரு தட்டு உப்புமா சாப்பிட்டான். பெரியவள் இரண்டு வாய் வைத்ததும், "அம்மா, கசக்குது" என்று தட்டைத் தள்ளினாள். நான் ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். கசப்பு. வெங்காய வாசனையே இல்லை. பாத்திரத்தில் தேடிப் பார்த்தேன். தலை சுற்றியது. கூடையைக் கவிழ்த்தேன். அடியில் இன்னொரு கன்று உட்கார்ந்திருந்தது.

அதற்குள் சின்னவன் வாசற்படியில் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான். நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, "உப்புத் தண்ணி கரைச்சுக் குடுங்க, மொத்தமா வெளியே வந்துரும்" என்று டம்ளரோடு ஓடி வந்தார். கொடுக்கவில்லை, எனக்குத் தெரிந்து அல்ல, கை நடுங்கி டம்ளர் விழுந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். மீதியிருந்த கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு குழந்தைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்ன சாப்பிட்டான்?" என்றார் டாக்டர். நான் முந்தானையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். "இதைக் கொண்டு வந்தீங்களே, அதுவே பாதி வைத்தியம்" என்றார். சின்னவனுக்குக் குளுகோஸ் ஏற்றி, அன்று ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்து, மறுநாள் காலை அனுப்பினார்கள். பெரியவளுக்கு ஒரு வாந்தியோடு சரி. அந்த ஒரு ராத்திரி, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவின் மஞ்சள் பையை நினைத்து நினைத்து அழுதேன்.

யார் குற்றம்?

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாத்தையும் பிடுங்கி எறி. பூவும் வேண்டாம், மணமும் வேண்டாம்." அவர் கோபம் நியாயம். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அதைவிட வேதனை அத்தையைப் பார்ப்பது. "என் கையால பேரனுக்கு விஷம் குடுத்துட்டேனே" என்று சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். சமையலறைப் பக்கம் வரவில்லை. அரிவாள்மணையைத் தொடவில்லை. சாப்பாடும் பாதி.

நான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, கிழங்கை அங்கே வச்சது நான். கரிக்கலையேன்னு நீங்க சொன்னதைக் காதுல வாங்காததும் நான். உங்க மேல என்ன தப்பு?" என்றேன். அப்போதுதான் மெல்லச் சொன்னார்: "எனக்கு ஒரு வருஷமாவே கண்ணு மங்கலாத்தான் தெரியுதும்மா. சொன்னா, உங்களுக்குச் செலவுன்னு சொல்லலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்துகொண்டு, இது எனக்குத் தெரியவில்லையே! அடுத்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் ஆயிற்று.

இடையில், ஒரு கண் தெளியாமல் இருந்த நாட்களில், அத்தைக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் மனசு தேறும் என்று எனக்குப் பட்டது. சம்பங்கிக் கிழங்குகளை மட்டும், கணவரிடம் கெஞ்சி, பாத்தியில் வைத்திருந்தேன். ஐப்பசியில் பூத்தது. "அத்தை, காலையில பூப் பறிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டேன். "எனக்கு எங்கேம்மா தெரியுது" என்றார். "தொட்டுப் பாருங்க. மொட்டு கெட்டியா இருக்கும். விரிஞ்சது மெத்துன்னு இருக்கும். வாசனையும் சொல்லிரும்" என்றேன்.

நாலரை மணிக்கே எழுந்து, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தண்டாகத் தடவித் தடவிப் பறிப்பார். ஒரு மொட்டுக்கூடத் தப்பி வராது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், ஒன்றும் சொல்லாமல் போய், கொல்லையில் ஒரு ஓரமாக, கம்பி வேலி போட்டு, மண்ணைக் கொத்திவிட்டு வந்தார். "உங்க அம்மா குடுத்தது ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தா, அங்கே வை. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதே" என்றார்.

ஒரே ஒரு கிழங்கு மிச்சம் இருந்தது. பூக்க முழுசாக இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

இது என் ஒருத்தி வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2009-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் சமையல் வகுப்பில் செய்த சூப்பில், வெங்காயம் என்று டாஃபோடில் பூவின் கிழங்கு சேர்ந்து, பலருக்கு வாந்தி வந்ததாம். அதிலும் இதே நஞ்சுதான். படித்தவர், படிக்காதவர், இந்த ஊர், அந்த ஊர் என்று இல்லை. வெங்காயம் போல் இருந்தால் வெங்காயம் என்றுதான் கை போகும்!

மற்ற மணக்கும் கிழங்குகள்

*ஸ்பைடர் லில்லி.* பூங்காக்களிலும் சாலை நடுவிலும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கிண்ணம் போல ஒரு சவ்வு. அதைச் சுற்றி ஆறு மெல்லிய இதழ். வளர்ப்பு விஷமூங்கில் மாதிரியேதான். நஞ்சும் அதேதான். இதன் கிழங்கு இன்னும் உருண்டையாக, அச்சு அசல் வெங்காயம் போலவே இருக்கும், ஜாக்கிரதை.

*அமேஸான் லில்லி.* வெயில் வராத வீட்டுக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். நிழலில் பளபளவென்று கரும்பச்சை இலை; தலை குனிந்த வெள்ளைப் பூ; மெல்லிய மணம். அடிக்கடி தொட்டி மாற்றாதீர்கள்; நெருக்கிக்கொண்டு இருந்தால்தான் இதற்குப் பிடிக்கும். ஒரு மாதம் தண்ணீரை நன்றாகக் குறைத்து, பிறகு தாராளமாக ஊற்றினால் தண்டு விடும். இதன் கிழங்கும் சாப்பிடக் கூடாதது.

*கடை லில்லி.* கல்யாண மேடையில் கையகலத்துக்கு விரிந்து மணக்கிறதே, அந்த நிஜ லில்லிக்கும் டியூலிப், ஹயசிந்த் பூக்களுக்கும் குளிர் வேண்டும். சில வாரங்களாவது நல்ல குளிரில் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் தானாகவே வளரும் வெள்ளை லில்லி ஒன்று உண்டு. நம் மலைகளுக்கே உரியது. ஆனால் திருச்சி, மதுரை வெயிலில் இதற்கெல்லாம் ஆசைப்பட வேண்டாம். கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர் காட்டலாம் என்கிறார்கள். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால், அதிலிருந்து வரும் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். அதைவிட, காய்கறியோடு கிழங்கை வைப்பதா? என் அனுபவத்துக்கு அப்புறம் அந்த வம்பே வேண்டாம்! பூனை வளர்க்கிற வீட்டில் நிஜ லில்லிப் பூவை ஜாடியில்கூட வைக்காதீர்கள். அதன் இலையோ மகரந்தமோ வயிற்றுக்குள் போனால் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும்.

மறக்கக்கூடாத எட்டு

1. பூங்கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள். ஒரு நிமிஷத்துக்குக்கூட வேண்டாம்.

2. காயவைக்கும் கிழங்கைத் துணிப்பையில் போட்டு, பெரிய எழுத்தில் பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்க விடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள்.

3. வேலைக்கு வருகிறவர், பெரியவர், குழந்தைகள் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

4. வெங்காயம் நறுக்கும்போது நெடி வரவில்லை, கொழகொழவென்று இருக்கிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். செங்காந்தள் கிழங்குக்கும் இதே எச்சரிக்கை. அது இன்னும் கொடிய நஞ்சு, உயிருக்கே ஆபத்து.

5. தவறி யாராவது தின்றுவிட்டால், வாயைக் கொப்புளிக்கச் செய்யுங்கள். உப்புக் கரைசல், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி வரவழைக்க வேண்டாம். 108-க்குச் சொல்லி, கிழங்கின் ஒரு துண்டையும் இலையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

6. கிழங்கை நறுக்கிப் பிரிக்கும்போது கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

7. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு அந்தக் கையளவு தண்ணீரிலேயே முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

8. மூடிய படுக்கையறையில் சம்பங்கி ஜாடி வேண்டாம். ராத்திரி மணம் தூக்கலாகி, சிலருக்குத் தலைவலி வரும். மசக்கைக்காரப் பெண்ணுக்குக் குமட்டும். கூடத்தில் ஜன்னலோரம் வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அத்தைக்கு இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிகிறது. அரிவாள்மணையை மறுபடி எடுத்துவிட்டார். ஒவ்வொரு வெங்காயத்தையும் நறுக்குவதற்கு முன்னால் மூக்கருகே வைத்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். சின்னவன் கேலி செய்வான்: "பாட்டி வெங்காயத்துக்கு முத்தம் குடுக்குறாங்க!" நாங்கள் யாரும் சிரிப்பதில்லை. அத்தை மட்டும் சிரிப்பார்.

போன ஆடியில் குத்தைப் பிரித்தபோது, பெரியவள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்து, "அம்மா, எனக்குப் பத்துக் கிழங்கு எடுத்து வை. ஹாஸ்டல் முடிஞ்சு வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறேன்" என்றாள். "அதுவரைக்கும் பையில வச்சா காஞ்சு போயிரும்டி, மண்ணுலயே இருக்கட்டும்" என்றேன். பையை மடித்து வைத்திருக்கிறேன். அவள் கிளம்பும் அன்று, கிழங்கோடு சேர்த்து இந்தக் கதையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பையின் மேலேயே தைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.

நீங்களும் இந்த ஆடியில் நாலு கிழங்கு வையுங்கள். வாசல் மணக்கட்டும். ஆனால் வெங்காயக் கூடை ஒரு பக்கம், பூங்கிழங்கு ஒரு பக்கம் இருக்கட்டும்!